அரிப்பு தின்னும் தூக்கம்

கரப்பான் (எக்ஸிமா), சோரியாசிஸ் என்று தோல் நோயோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, "ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறீங்க?" தோல் டாக்டருக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன கவலை என்று பலர் திகைத்துப் பார்ப்பார்கள்.

சம்பந்தம் நிறைய உண்டு. அழற்சியை அடக்கி வைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு இரவில் குறைந்துவிடுகிறது. தூங்கப்போகும் நேரத்தில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி அது சூடாகிறது. தோல் வழியாக ஈரம் வெளியேறுவதும் இரவில்தான் அதிகம். பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருந்த அரிப்பு, படுத்ததும் பிடித்துக்கொள்கிறது. தூக்கத்திலேயே சொறிந்துவிட்டு, காலையில் "அப்படியொண்ணும் இல்லையே டாக்டர்" என்பவர்களும் உண்டு. நகத்தைப் பார்த்தாலே தெரியும். நாள்பட்டுச் சொறிகிறவர்களின் நகம் மெருகேற்றியதுபோல் பளபளக்கும். தலையணை உறையில் பொட்டுப் பொட்டாய் ரத்தக்கறை இருக்கும்.

குழந்தைகளை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. கரப்பான் உள்ள குழந்தை வகுப்பில் கவனிப்பதில்லை, சிடுசிடுக்கிறது என்று திட்டு வாங்குகிறது. ராத்திரி முழுக்க அது புரண்டது யார் கணக்கிலும் வருவதில்லை. சொறியவிடாமல் கையைப் பிடித்தபடி விழித்திருக்கும் அம்மாவின் தூக்கமும் அப்படித்தான்.

இதற்காக மெடிக்கலில் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். திடீரெனத் தடிப்புத் தடிப்பாய் வரும் காணாக்கடியில் அரிப்பைக் கிளப்புவது ஹிஸ்டமின் என்ற ரசாயனம். அந்த மாத்திரை தடுப்பது அதைத்தான். கரப்பானில் பெரும்பாலும் வேறு ரசாயனங்கள். அதனால் அரிப்பு அடங்காது, மறுநாள் மந்தம்தான் மிஞ்சும். தோலைக் கவனித்தால் தூக்கம் பெரும்பாலும் தானே திரும்பும். டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பயப்படாமல் போடுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கும், ஸ்டீராய்டோடு வேறு மருந்துகளும் கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

வீட்டில் இன்னொருவருக்கும் ராத்திரி அரிக்கிறதா, விரல் இடுக்கில் பொரிப்பொரியாய் இருக்கிறதா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சிரங்காக (ஸ்கேபீஸ்) இருக்கலாம். அப்படியானால் அரிக்காதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

அப்புறம், சோரியாசிஸ் உள்ளவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.