ஜெர்சியின் நீலம் எங்கே இருக்கிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். பெரியமேட்டில் வாங்கிய நீல ஜெர்சியில், முதுகில் ஒட்டிக் கொடுத்த பெயர் நாலைந்து துவைப்பிலேயே ஓரம் தூக்கிக்கொண்டு உரிந்துவிட்டது. மார்பில் இருக்கும் மூவர்ணக் கொடி மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. "கொடிக்கு மட்டும் தனிப் பசை போடுகிறார்களா? ஒலிம்பிக், ஆசியப் போட்டிகளுக்குப் போகிறவர்களின் ஜெர்சியில் என்ன பசை?" என்று கேட்கிறார்.

கொடிக்குப் பசையே கிடையாது. பெயர் துணியின் மேல் ஒட்டியிருக்கிறது, கொடி இழைக்குள் போய்விட்டது. நம் நாட்டின் நீலமும் காவியும் பச்சையும் ஒரு நிமிடம்கூட ஆகாத நேரத்தில் ஆவியாகி, நூலிழைக்குள் புகுந்து, அங்கேயே மாட்டிக்கொண்ட கதை இது. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் கதைகளில் ஒன்று.

முதலில் துணி. விளையாட்டு ஜெர்சிகள் பெரும்பாலும் பாலியஸ்டர். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருளை உருக்கி மெல்லிய இழையாக இழுத்தால் இது கிடைக்கும். 1941-இல் பிரிட்டனில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வை இழைக்குள் ஊறாது. இழைகளுக்கு இடையில் இருக்கும் நுண்ணிய சந்துகள் வழியாகத் துணியின் வெளிப்பக்கம் பரவி, அங்கிருந்து காய்ந்துபோகும். மே மாதச் சென்னையில், காற்றே ஈரமாக இருக்கும்போது, எந்தத் துணி போட்டாலும் வியர்வை சட்டென்று காயாது என்பது வேறு விஷயம். ஆனாலும் நனைந்து கனத்த பருத்தி பனியனோடு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீரை உள்ளே விடாத இந்தக் குணமே சாயம் போடுகிறவருக்குத் தலைவலி. பருத்திக்குச் சாயம் ஏற்றுவது என்றால் தண்ணீரில் சாயத்தைக் கரைத்துத் துணியை முக்கினால் போதும், தண்ணீரோடு சாயமும் இழைக்குள் போகும். பாலியஸ்டரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அப்படியென்றால் நீலம் எப்படி உள்ளே போகிறது?

இங்கேதான் கற்பூரம் வருகிறது. தட்டில் வைத்த கற்பூரம் உருகாமலேயே கரைந்து காணாமல் போகும். திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தில் சப்ளிமேஷன். ஜெர்சிக் கடைக்காரர்கள் "சப்ளிமேஷன் பிரிண்ட் போடலாமா, ஸ்டிக்கர் போதுமா?" என்று கேட்பது இதைத்தான். அவர்கள் பயன்படுத்தும் சாயங்கள் டிஸ்பர்ஸ் வகையைச் சேர்ந்தவை. மூலக்கூறுகள் சின்னவை, மின்னூட்டம் இல்லாதவை, தண்ணீரில் ஏறக்குறைய கரையாதவை. சூடு காட்டினால் கற்பூரத்தைப் போல நேராக ஆவியாகக் கூடியவை. பருத்தியும் அல்லாத, பாலியஸ்டரும் அல்லாத அசிட்டேட் இழைக்காக 1920-களில் உருவாக்கிய சாயங்கள் இவை. பாலியஸ்டர் வந்தபோது அதற்கும் பொருந்தின.

வேலை நடக்கும் முறையைத் திருப்பூரில் ஒரு பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜெர்சியின் முன்பக்கம், முதுகு, கைகள் எல்லாவற்றையும் கணினியிலிருந்து ஒரு பெரிய காகிதச் சுருளில் அச்சடிக்கிறார்கள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருக்கும். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நீலம் சாம்பல் பூத்தாற்போல், காவி செங்கல் தூள் மாதிரி, எல்லாம் உயிரில்லாமல் கிடக்கும். அதை வெள்ளைப் பாலியஸ்டர் துணியோடு சேர்த்து, 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேறிய உருளைக்கு அடியில் விடுகிறார்கள். அரை நிமிடமோ முக்கால் நிமிடமோதான். மறுபக்கம் வந்ததும் காகிதத்தை உரிக்கிறார்கள். துணியில் கண்ணைப் பறிக்கும் நீலம். காகிதத்தில் வெளிறிய நிழல் மட்டும் மிச்சம். கை வைத்துத் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரி இருக்கின்றன. விரலுக்கு எந்தத் தடிப்பும் தட்டுப்படாது.

அந்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது? பாலியஸ்டர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். சில இடங்களில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், சில இடங்களில் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும். சாதாரண வெப்பத்தில் இந்தத் தாறுமாறான பகுதியும் விறைத்துப்போய்த்தான் இருக்கும். சுமார் 70, 80 டிகிரியைத் தாண்டினால் விறைப்பு போய்ச் சங்கிலிகள் நெளியத் தொடங்கும். இழை உருகாது, அதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உருவம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் அசைவு. மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவில் வடக்கு மாட வீதிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நின்று பார்க்கும்போது ஒரு விரல் நுழைய இடமிருக்காது. சப்பரம் நகர்ந்து கூட்டம் அசையும்போது ஒரு சின்னப் பையன் சந்தில் நுழைந்துவிடுவான். மறுபடி கூட்டம் நின்றதும் நடுவில் மாட்டிக்கொள்வான், வெளியே வர வழியிருக்காது. 200 டிகிரியில் சாயம் ஆவியாகக் கிளம்புகிறது. அதே நேரத்தில் சங்கிலிகள் நெளிந்து நொடிக்கு நொடி இடைவெளி திறந்து மூடுகின்றன. சாய மூலக்கூறுகள் அந்த இடைவெளிகளில் புகுந்து உள்ளே பரவுகின்றன. துணி உருளையை விட்டு வெளியே வந்து ஆறியதும் சங்கிலிகள் மறுபடி விறைத்துவிடும். நீலம் உள்ளே பூட்டப்பட்டுவிடும்.

இதில் பசை இல்லை, தண்ணீர் இல்லை. சாயத்துக்கும் இழைக்கும் இடையே வலுவான வேதிப் பிணைப்புகூட இல்லை. தண்ணீரில் சர்க்கரை கரைகிறது என்கிறோமே, அதே பொருளில் ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் கரைந்திருக்கிறது. சாயத்துக்குத் தண்ணீரைவிடப் பாலியஸ்டரே பிடித்த கரைப்பான். சோப்புத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது வெளியே வராததற்குக் காரணம் இதுதான். பருத்தியில் இதைச் செய்து பார்த்தால் ஒன்றும் நிற்காது. பருத்தியின் சங்கிலிகள் சூட்டில் நெளிந்து வழிவிடுவதில்லை, சாயத்துக்கும் அவற்றோடு ஒட்டுறவு கிடையாது. மேலே படிந்தது முதல் துவைப்பிலேயே போய்விடும்.

இதில் என்னை வியக்கவைப்பது வெள்ளை. இந்த முறையில் வெள்ளை அச்சடிக்கவே முடியாது. காகிதத்தில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று இல்லை. அச்சு விழாத இடம்தான் வெள்ளை. அதாவது நீல ஜெர்சி என்று நாம் நினைப்பது முதலில் வெள்ளை ஜெர்சி. அதன் மார்பில் இருக்கும் மூவர்ணத்தில் காவியும் பச்சையும் உள்ளே போனவை. நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டை சாயம் படாத வெறும் துணி. அதற்குள் அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களும் கருநீல ஆவியாகப் போய்ப் படிந்திருக்கின்றன. உங்கள் வீட்டு ஜெர்சியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். சப்ளிமேஷன் என்றால் உள்ளே வெளுப்பாக இருக்கும். அக்குளுக்குக் கீழே தையலை இழுத்துப் பிடித்தால் நூலுக்கு நடுவே வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். உருளைக்குள் போகும்போது துணி ஓரிடத்தில் மடிந்திருந்தால் அந்த மடிப்பும் ஒரு வெள்ளைக் கீற்றாக நின்றுவிடும். அப்படி வந்த துண்டை அந்தப் பட்டறையில் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

சரி, வாசகியின் மகளுடைய பெயருக்கு வருவோம். அது வினைல் என்ற பிளாஸ்டிக் ஏடு. பின்பக்கம் இருக்கும் பசை சூட்டில் இளகித் துணியைப் பிடித்துக்கொள்கிறது. துணி இழுபடும் அளவுக்கு வினைல் இழுபடாது. ஒவ்வொரு துவைப்பிலும் ஓரத்தில் பிடி தளரும், பிறகு உரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டுவதற்குக் காட்டும் சூட்டில் இழைக்குள் பூட்டிய சாயம் கொஞ்சம் விழித்துக்கொண்டு வினைலுக்குள் ஏறிவிடும். நீல ஜெர்சியில் வெள்ளை எண் சில நாளில் வெளிர்நீலமாவதும், சிவப்பில் ஒட்டியது ரோஜா நிறமாவதும் இதனால்தான். உள்ளே போன வழியிலேயே சாயம் வெளியேயும் வரும், சூடு மட்டும் வேண்டும். அதனால் ஜெர்சிக்கு இஸ்திரி தேவையில்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் உள்பக்கம் திருப்பி, மிதமான சூட்டில் போடுங்கள். அடுத்த முறை பெயரையும் எண்ணையும் துணியோடு சேர்த்தே அச்சடித்துத் தைக்கச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் உரியாது.

இவ்வளவு எளிதாக நாட்டை உடையில் ஏற்ற முடிவதால், எதை ஏற்றலாம் என்பதைச் சட்டங்களும் சங்கங்களும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒலிம்பிக்கில் வீரர்கள் தத்தம் நாட்டுக் கொடியின் பின்னால் அணிவகுக்கும் வழக்கம் 1908 லண்டன் போட்டிகளிலேயே வேரூன்றியது. 1936 பெர்லினில் ஹைட்டியும் லிக்டன்ஸ்டைனும் தங்கள் கொடி ஒரே மாதிரி இருப்பதைக் கண்டன. மறுவருடமே லிக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் தரநிர்ணய எண் 1 எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு. 1951-இல் வந்த அந்தத் தரம், காவி எது, பச்சை எது என்பதை நிற அளவீட்டு எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, உடையில் கொடி இடம்பெற வழி பிறந்தது. இடுப்புக்குக் கீழே கூடாது. 2021 டிசம்பரில் கொடி விதித்தொகுப்பில் வந்த திருத்தம், பாலியஸ்டரிலும் கொடி செய்யலாம் என்று அனுமதித்தது.

அடையாளத்தை எடுத்துவிடும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவரும் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் நடந்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீங்கியது, நிறைவு விழாவில் மூவர்ணம் வந்தது. 2016 ரியோவில் 10 அகதி வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் தனி அணியாக வந்தார்கள். 2021 ஜூனில், டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது, நம் அணியின் உடை வழங்குநராக இருந்த சீன நிறுவனத்தைச் சங்கம் விலக்கியது. எந்த நிறுவனத்தின் அடையாளமும் இல்லாத உடையில் நம் வீரர்கள் போவார்கள் என்று அறிவித்தது. ஒட்டிய சின்னம் என்றால் பிய்த்துவிடலாம். இழைக்குள் போன சின்னத்தை அப்படி எடுக்க முடியாது, புதுத் துணியைத்தான் உருளைக்குள் விட வேண்டும்.

நிறத்துக்கு இதற்கு மேலும் சக்தி உண்டு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ ஆட்டங்களில் யாருக்குச் சிவப்பு, யாருக்கு நீலம் என்பது குலுக்கல் போல முடிவானது. சிவப்பு அணிந்தவர்கள் சுமார் 55 சதவீத ஆட்டங்களில் வென்றதாக 2005-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. பிறகு பல போட்டிகளின் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சாதகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒரு சின்ன மாதிரியில் தெரிந்தது பெரிய மாதிரியில் நிற்கவில்லை, அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் குழந்தையின் ஜெர்சி எண்ணுக்கு நியூமராலஜி பார்க்கும் பெற்றோரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஜோடி ஷூ வாங்கிக்கொடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் நாசமானது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. சாய ஆவி அச்சில் அந்தக் கழிவுநீர் ஏறக்குறைய இல்லை. சாயத்தை ஏற்றவும் தண்ணீர் வேண்டாம், மிச்சத்தை அலசவும் வேண்டாம். எஞ்சுவது காகிதம். இது பெரிய நன்மை.

ஆனால் சாயத்தை இவ்வளவு கெட்டியாகப் பூட்டியதற்கு விலை பிற்பாடு வருகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின்போது ஜப்பான், மக்களிடமிருந்து பழைய விளையாட்டு உடைகளைச் சேகரித்துத் தன் அணிக்கான உடையைச் செய்தது. நல்ல முயற்சி. அதைப் பெரிய அளவில் செய்ய வேண்டுமென்றால், பழைய ஜெர்சியிலிருந்து நிறத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும். வெறுமனே உருக்கினால் எல்லா நாட்டு நிறங்களும் கலந்து அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பிசின்தான் கிடைக்கும். சங்கிலிகளை வேதிவினையால் அதன் மூலப்பொருள்களாக உடைத்து, சாயத்தைப் பிரித்து, மறுபடி கோக்கலாம். முடியும், ஆனால் செலவு அதிகம். குறைந்த சூட்டில் சங்கிலிகளை நெளியவைத்து, சாயத்துக்கு இன்னும் பிடித்த ஒரு கரைப்பானுக்குள் அதை இழுத்துவிட முடிந்தால் துணி வெள்ளையாகத் திரும்பக் கிடைக்கும். பதக்கம் வென்றவர்களுக்கு அரசு பரிசு கொடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன். அதில் ஒரு சிறு பங்கு அளவுக்காவது இந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பத் துறை இருக்கிறது, கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஜெர்சி தைக்கும் ஊர் திருப்பூர். கிழிந்த ஜெர்சிகளுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை.