முன்னால் ஒரு பல் குறைந்தால்

பைக்கில் பிக்கப் போதவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைச்சுப் போடு, பறக்கும்" என்று உடனே பதில் வரும் (ஸ்பிராக்கெட் என்பது செயின் மாட்டி ஓடும் பல்சக்கரம்; ஒன்று முன்னால் எஞ்சின் பக்கம், இன்னொன்று பின் சக்கரத்தில்). நானும் அப்படிக் கேட்டுப் போட்டவன்தான். முதல் நாள் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது, சிக்னலில் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் நீண்ட பயணம் போனபோது, ஐந்தாவது கியரில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இல்லாத ஆறாவது கியரை என் இடது கால் நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று பார்க்க எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, மெயின் ஸ்டாண்டு போட்டு, முன் ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினாலே போதும் (விரலைச் செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்). பின்னால் 45 பல், முன்னால் 15 என்றால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் முன்னால் இருப்பது சரியாக 3 சுற்று சுற்றிவிடும். முன்னால் 14 பல் போட்டால் அது 3.21 சுற்று. ஒரே ஒரு பல்தான், ஆனால் 7 சதவீத வித்தியாசம். இதையே பின்னால் செய்ய வேண்டுமென்றால் 45-ஐ 48 ஆக்க வேண்டும். அதனால்தான் நுணுக்கமாக மாற்ற நினைப்பவர்கள் பின்னால் கை வைக்கிறார்கள், செலவு குறைவாக முடிய வேண்டும் என்பவர்கள் முன்னால்.

இந்த 7 சதவீதம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 7 சதவீதம் கூடுகிறது, அதே வேகத்தில் போக எஞ்சினும் 7 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 5100 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5100 சுற்று) ஓடிய எஞ்சின் இப்போது 5460-ஐத் தாண்டும். கைப்பிடியில் அதிர்வு, காதில் இரைச்சல், பெரும்பாலும் மைலேஜிலும் கொஞ்சம் அடி.

சரி, இழுவையாவது எப்போதும் கூடுதலாகக் கிடைக்குமா? அதுவும் இல்லை. முதல் கியரில் முன்பு 50 வரை போக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம், இப்போது 47-லேயே எஞ்சின் எல்லையைத் தொட்டுவிடும், நீங்கள் இரண்டாவது போட்டாக வேண்டும். அந்த 47-க்கும் 50-க்கும் இடையில் பழைய ஸ்பிராக்கெட் போட்ட வண்டி இன்னும் முதல் கியரில் இழுத்துக்கொண்டிருக்கும், உங்களுடையது இரண்டாவதில் திணறும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இப்படி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. ஸ்பிராக்கெட் ஒரு குதிரைத்திறனைக்கூட உருவாக்குவதில்லை, இருப்பதை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பதைத்தான் மாற்றுகிறது.

டாப் ஸ்பீடு விஷயத்தில் பலர் நேர் எதிராக நினைக்கிறார்கள். முன்னால் ஒரு பல் கூட்டினால் அதிக வேகம் போகும் என்பது காகிதக் கணக்கு. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் திறன் 33 சதவீதம் கூட வேண்டும். டாப் கியரில் ஏற்கெனவே முழு ஆர்பிஎம் தொட முடியாமல் மூச்சு வாங்கும் வண்டிக்கு இன்னும் ஒரு பல் கூட்டினால், வேகம் குறையத்தான் செய்யும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பல்லைக் குறைத்தால் டாப் ஸ்பீடு கொஞ்சம் கூடவும் வாய்ப்புண்டு!

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸ் பக்கமிருந்து கணக்கு எடுக்கும் வண்டியாக இருந்தால் அதுவும் 7 சதவீதம் கூட்டிக் காட்டும், முன் சக்கரத்திலிருந்து எடுத்தால் பிரச்சினை இல்லை.

செயினுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பிராக்கெட் உண்மையில் வட்டம் இல்லை, செயினின் கண்ணுக்கு அது பலகோணம். அதனால் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் செயின் லேசாக வேகம் கூடிக் குறைகிறது. 16 பல்லில் இந்த ஆட்டம் சுமார் 1.9 சதவீதம், 14-இல் 2.5, 12-இல் 3.4. பல் குறையக் குறையச் செயின் கூர்மையாக மடங்கி, சீக்கிரம் தேய்கிறது. போதாததற்கு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் மேலுள்ள ரப்பரில் செயின் உரசவும் தொடங்கலாம். இன்னொன்று, செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டை எண்ணிக்கை. ஸ்பிராக்கெட்டிலும் இரட்டைப்படைப் பல் இருந்தால் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வந்து விழும். 15 போல ஒற்றைப்படை என்றால் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி விழுந்து தேய்மானம் பரவும்.

முன்னால் ஒரு பல் குறைந்தால், 520 அளவுச் செயினில் தளர்வை எடுக்கப் பின் அச்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். செயின் பழையதாகி, பின் அச்சை நகர்த்தும் அட்ஜஸ்டர் ஏற்கெனவே கடைசிக் கோட்டில் நின்றால் அதற்கு இடமே இருக்காது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.