நியூட்ரல்: நடுநிலையா, நாடு சாராமையா?

டென்னிஸ் பார்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள். திரையில் ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி இருக்கும். 2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்யாவின் மெத்வதேவ், ருப்லேவ் பெயர்களுக்குப் பக்கத்தில் அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு ஆங்கிலம் வைத்த பெயர் நியூட்ரல். நம் செய்திகளில் அது ‘நடுநிலை வீரர்’ ஆகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. நே என்றால் இல்லை, உட்டெர் என்றால் இரண்டில் ஒன்று. சேர்த்தால் ‘இதுவுமில்லை, அதுவுமில்லை’. ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பாலை ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். போரில் எந்தப் பக்கமும் சேராத அரசுக்கும், அமிலமும் காரமும் அல்லாத கரைசலுக்கும் பிற்பாடு அதே சொல் போனது. ரஷ்யர்களும் அதையே வாங்கி ‘நேய்த்ரால்னி’ என்கிறார்கள். நம் ஊரில் மெக்கானிக் ‘வண்டிய நியூட்ரல்ல போடு’ என்று சொல்வதும் இதே சொல்தான். எஞ்சின் ஓடும், சக்கரத்தோடு தொடர்பு இருக்காது. ரஷ்ய வீரர்களின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆள் ஓடுகிறார், நாட்டோடு இணைப்பு மட்டும் கழற்றப்பட்டிருக்கிறது.

கழற்றிய கதை ஊக்கமருந்தில் தொடங்குகிறது. 2015 நவம்பரில் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் ரஷ்ய அமைப்பை இடைநீக்கம் செய்தது. உயரம் தாண்டும் மரியா லசித்ஸ்கெனே ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தால் போதும், முழுக் கதையும் கிடைத்துவிடும். 2015இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் ரஷ்யாவுக்காகத் தங்கம். அப்போது அவர் பெயர் குச்சினா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இடமே இல்லை. உலகப் போட்டிகளில் 2017 லண்டனில் 2.03 மீட்டர், 2019 தோகாவில் 2.04 மீட்டர், இரண்டிலும் தங்கம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஏஎன்ஏ, அதாவது அனுமதிக்கப்பட்ட நியூட்ரல் வீரர். லண்டன் மேடையில் ஒலித்தது ரஷ்ய கீதம் அல்ல, சம்மேளனத்தின் கீதம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடி 2.04, மறுபடி தங்கம். இந்தத் தடவை எழுத்துகள் ஆர்ஓசி, கீதத்துக்குப் பதில் சைகோவ்ஸ்கியின் பியானோ இசை. தாண்டிய ஆள் ஒருவர்தான், மாறியதெல்லாம் முத்திரை.

ஆர்ஓசி என்பது ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்பதன் முதலெழுத்துகள். எழுத்துகளைப் போடலாம், விரித்து எழுதக் கூடாது என்பது விதி! அதற்கு முன் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 168 பேர் ‘ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்’ என்ற நீளமான பெயரோடு வந்தார்கள். அங்கே ஐஸ் ஹாக்கி இறுதியில் ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது ரஷ்ய அணி. மேடையில் ஒலிம்பிக் கீதம் ஒலிக்கிறது, அதற்கு மேலே வீரர்கள் குரலெழுப்பித் தங்கள் நாட்டுக் கீதத்தைப் பாடுகிறார்கள். இவர்களை நடுநிலையாளர்கள் என்றால் யார் நம்புவார்?

அந்த உறுத்தலுக்குக் காரணம் நம் சொல்லில் இருக்கிறது. குறளில் ‘நடுவு நிலைமை’ தனி அதிகாரம். ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்’ ஒரு பக்கம் சாயாமல் இருப்பது அங்கே சான்றோருக்கு அணி. துலாக்கோல் பிடிப்பவருக்கு உரிய குணம் அது. களத்தில் அந்தக் குணம் நடுவருக்கு வேண்டும், ‘நடுவர்’ என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆட்டக்காரர் ஜெயிக்க வந்தவர், அவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, தண்டனையாகக் கிடைத்த ஒரு நிலையை இந்தச் சொல் பாராட்டாக மாற்றிவிடுகிறது.

அப்புறம் உக்ரைன் போர் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெயர் ஏஐஎன், பிரெஞ்சு முதலெழுத்துகள். தனிநபர், நியூட்ரல் இரண்டும் அதில் உண்டு. அணியாக வர முடியாது. போரை வெளிப்படையாக ஆதரித்தவருக்கும், ராணுவத்தோடு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் இடமில்லை. போரை எதிர்த்துப் பேசு என்று யாரும் கேட்கவில்லை, அங்கேயும் நடுநிலை தேவைப்படவில்லை. ரஷ்யாவிலிருந்து 15 பேர், பெலாரஸிலிருந்து 17 பேர் ஆடினார்கள். வரிகளே இல்லாத ஓர் இசையை இவர்களுக்காகவே தயார் செய்து வைத்திருந்தார்கள். அது ஒலித்தது ஒரே தடவை, பெலாரஸின் இவான் லித்வினோவிச் டிராம்போலினில் தங்கம் வென்றபோது. ரஷ்யர்களுக்குக் கிடைத்தது ஒரே பதக்கம்: மிர்ரா ஆந்த்ரேயெவா, தியானா ஷ்னைதர் ஜோடிக்கு டென்னிஸ் இரட்டையரில் வெள்ளி.

சரி, வேறென்ன சொல்லலாம்? பழந்தமிழில் ‘நொதுமல்’ இருக்கிறது. நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை, அயலார் என்று பொருள். நடுவு நிலைமைக்கு உரை எழுதும் பரிமேலழகர் பகை, நட்பு, நொதுமல் என்று மூன்று தரப்பைச் சொல்வார். லத்தீன் வேரோடு ஏறக்குறைய ஒட்டிப்போகும் சொல். நியூட்ரானுக்கு ‘நொதுமி’ என்று பெயர் வைத்ததும் இதிலிருந்துதான். ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் ‘நொதுமல் வீரர்’ என்று போட்டால் படிப்பவர் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்.

‘சுயேச்சை’ என்னை ரொம்ப நேரம் இழுத்தது. கட்சிச் சின்னம் இல்லாத வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் ஒரு சின்னம் கொடுப்பதுபோல, நாட்டுக் கொடி இல்லாதவருக்கு ஒலிம்பிக் கமிட்டி ஒரு கொடி கொடுக்கிறது. இந்தியர்களுக்கே இது நடந்தது. 2014இல், அதுவும் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் சிவ கேசவன் உள்ளிட்ட மூவர் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் தொடக்க விழாவுக்கு வந்தார்கள். ஆனால் சுய இச்சைதானே சுயேச்சை? இவர்களில் யாரும் இச்சைப்பட்டு நாட்டை விட்டுவிட்டு வரவில்லை. ‘கொடியற்ற வீரர்’ என்பதும் சரிப்படாது. கொடி உண்டு, அது அவர்கள் கொடி இல்லை, அவ்வளவுதான்.

என் தேர்வு ‘நாடு சாரா வீரர்’. கட்சி சாரா, அரசு சாரா என்று ஏற்கெனவே பழகிய அச்சு. குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, பதிவேட்டில் எந்த நாட்டின் கணக்கிலும் இல்லை என்பதை மட்டும் சொல்லும். வீராங்கனைக்கும் பொருந்தும். 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸ் சதுரங்கத்தில் குகேஷுக்கு அரைப் புள்ளி பின்னால் முடித்த ரஷ்யர் நெப்போம்னியாச்சி, உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் கொடியின் கீழ் ஆடியவர். அட்டவணையில் ‘குகேஷ் (இந்தியா) 9’ என்ற வரிக்குக் கீழே ‘நெப்போம்னியாச்சி (நாடு சாரா) 8.5’ என்று போட்டுப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் அடங்குகிறது.