பிராண்ட்: சூட்டுக்கோல் முதல் சோடாப் போத்தல் வரை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு 'பிராண்ட்' என்பதை விளக்க வேண்டியதில்லை. சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம், வேலை பழையது. இரும்பைக் காய்ச்சி மாட்டின் தோலில் குறி சுடுவார்கள். மேய்ச்சல் தரையில் நாலு பேருடைய மாடு கலந்து நின்றாலும் எது யாருடையது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லும் இதே நெருப்பில் பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் எரிதல், கொள்ளிக்கட்டை. பிறகு சூட்டுத் தழும்பைக் குறித்தது. மாட்டுத் தோலிலிருந்து மரப்பீப்பாய்க்கும் பெட்டிக்கும் தாவி, 19ஆம் நூற்றாண்டில் கடைச் சரக்கின் அடையாளமாகிவிட்டது.

நம் பத்திரிகைகள் இதை 'வர்த்தக நாமம்' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் திருப்தி இல்லை. நாமம் என்றால் பெயர். கண்ணுக்குத் தெரிகிற பாதி அதற்குள் வரவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் கடையில் அங்கர் பால்மாவைச் சரியாகக் காட்டுகிறதே, அது நங்கூரத்தைப் பார்த்துத்தான். நியூசிலாந்தில் 1886இல் ஹென்றி ரெனால்ட்ஸ் தன் வெண்ணெய்க்கு அந்த அடையாளத்தை வைத்தார். அவரிடம் வேலை செய்த ஒருவர் கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தைப் பார்த்து வைத்ததாக ஒரு கதை உண்டு. கதை உண்மையானால் அதுவும் தோலில் போட்ட குறிதான்!

சித்திரம் கற்பிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் நல்ல பாடப்பொருள். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் நிறுவனத்தின் இலச்சினையை, அதாவது லோகோவை, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு அது. பிழையில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். பல படங்களுக்குள் சரியானதைத் தெரிந்தெடுக்கச் சொன்னபோதும் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்டார்கள். தினமும் கையில் வைத்திருக்கிற பொருளுக்கே இந்தக் கதி. எலிபன்ட் ஹவுஸ் சோடாப் போத்தலில் உள்ள யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, தும்பிக்கை மேலேயா கீழேயா என்று அக்கரைப்பற்றிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வரைந்து முடித்த பிறகு போத்தலை மேசையில் வைத்தால், அதுவரை பார்க்காத கோடெல்லாம் பிள்ளைகள் கண்ணில் படும்.

மாட்டுக் குறியையும் அதே வகுப்புக்குக் கொண்டுபோகலாம். நல்ல குறியில் மூடிய வளையம் இருக்காது. வளையத்துக்குள் அகப்பட்ட தோலும் சேர்ந்து வெந்து, ஆறும்போது எல்லாம் ஒரே தழும்பாகத் திரண்டுவிடும். கோடும் கோடும் முட்டுகிற மூலையிலும் சூடு கூடிப்போகும். அங்கே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அதனால் 'ட'வும் 'ப'வும் சூட்டுக்கோலுக்குத் தோதான எழுத்துகள். 'ண'வை நினைத்தும் பார்க்கக்கூடாது. பற்றுச்சீட்டின் மூலையில் நகமளவுக்குச் சுருக்கி அச்சடிக்கும் இலச்சினைக்கும் இதே விதி பொருந்தும்: சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும்.

பெரிய கடையின் இலச்சினையை எடுத்து நிறத்தை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறது: புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம். பிராண்ட் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வரியில் வந்துவிட்டது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? 'பொறி' அழகான சொல். சேரர் வில்லையும் சோழர் புலியையும் பாண்டியர் கயலையும் பொறித்தார்கள். ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் இயந்திரம், இல்லாவிட்டால் எலிப்பொறி. 'முத்திரை' என்றால் இலங்கையில் தபாலட்டையில் ஒட்டுவது. 'சின்னம்' தேர்தலோடு போய்விட்டது. 'இலச்சினை' வடமொழி இலாஞ்சனையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் ஏற்கெனவே புழங்குவதால் லோகோவுக்கு அதுவே போதும்.

பிராண்டுக்கு என் தெரிவு 'வணிகக்குறி'. குறி சுடுதல், குறியிடுதல் என்று வினையும் கூடவே வருகிறது. நாமத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு வினையை உண்டாக்க முடியாது. தமிழ்நாட்டில் அது டிரேட் மார்க்குக்கு உரிய சொல்லாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் 'பதிவுசெய்த வணிகக்குறி' என்று எழுதினால் முடிந்தது. மாட்டுக்கும் அப்படித்தானே: சுட்டது குறி, அதன் பதிவை இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பார்த்துக்கொள்கிறது. சரக்குக் குறிக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு தடவை பதிந்தால் 10 ஆண்டு. அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

மருதமுனைச் சாரம் (கைலி), மட்டக்களப்புத் தயிர் போன்றவை வேறு வகை. பல தறிகளிலும் பல பட்டிகளிலும் இருந்து வருவதற்கு ஒரே இலச்சினை இல்லை. ஊர்ப்பெயரை நம்பித்தான் வாங்குகிறோம். இவற்றுக்கு மட்டும் 'பேர்' என்ற வழக்குச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். மருதமுனை சாரத்துக்குப் பேர்போனது என்றால் யாருக்கும் விளங்கும். 'குறியீடு' என்று மட்டும் பிராண்டை எழுத வேண்டாம். அது கவிதைக்காரர்களிடமும் கணினிக்காரர்களிடமும் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறது.