பைக்குக்கு டீசல் எஞ்சின்: ஹெச்.பி.யைப் பார்க்கும் முன் ஷாஃப்ட்டைப் பாருங்கள்

பைக்கில் டீசல் எஞ்சின் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்.பி. போதும்?" என்பதுதான். அதற்குக் கணக்குப் போட்டே விடை சொல்லிவிடலாம். ஃபிரேமை அறுத்த பிறகு வேலை நின்றுபோவது பெரும்பாலும் வேறு காரணங்களால். எஞ்சினின் சக்தியை வெளியே தரும் சுழல்தண்டான ஷாஃப்ட் தவறான பக்கம் இருக்கும், அல்லது தவறான வடிவில் இருக்கும், அல்லது ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காது.

முதலில் ஹெச்.பி. கணக்கை முடித்துவிடுவோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பைக், சமதளம், எதிர்க்காற்று இல்லை என்று வையுங்கள். செயினிலும் கியரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 4 ஹெச்.பி., 80க்கு 8, 100க்கு 14 தேவைப்படும். 5 சதவீத ஏற்றத்தில் அதே 60ஐத் தக்கவைக்க 7 ஹெச்.பி. வேண்டும். ராயல் என்ஃபீல்டு டாரஸில் இருந்த 325 சி.சி. டீசல் எஞ்சின் 6.5 ஹெச்.பி. தந்தது. அந்த வண்டி சுமார் 65 கி.மீ. வேகத்தில்தான் ஓடியது.

கைக்கு எளிதில் கிடைப்பவை ஜப்பானிய நிறுவனமான யான்மாரின் எல் வரிசையை ஒட்டிப் பலர் செய்யும் காற்றுக்குளிர் எஞ்சின்கள்: 170எஃப், 178எஃப், 186எஃப். முதல் 1 ஒற்றை சிலிண்டரைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் சிலிண்டர் விட்டம் மி.மீ.இல். 170 என்பது 211 சி.சி., சுமார் 4 ஹெச்.பி.; மொபெட் அளவு வண்டிக்கு மேல் ஆகாது. 178 என்பது 296 சி.சி., 6 ஹெச்.பி., 33 கிலோ. 186 என்பது 406 சி.சி., 9 முதல் 10 ஹெச்.பி., 50 கிலோவை ஒட்டிய எடை. சாலையில் மற்ற வண்டிகளோடு ஓட வேண்டுமென்றால் 186க்குக் கீழே இறங்காதீர்கள். அதிர்வு குறைய வேண்டும் என்பவர்களுக்குக் குபோட்டா இசட்482 நல்ல எஞ்சின்: இரட்டை சிலிண்டர், 479 சி.சி., சுமார் 13 ஹெச்.பி., 53 கிலோ. ஆனால் ரேடியேட்டருக்கும் பெரிய பேட்டரிக்கும் ஃபிரேமில் இடம் தேட வேண்டும். தண்ணீர்த் தொட்டி வைத்த பவர் டில்லர் எஞ்சினையும், 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும் பழைய பம்புசெட் எஞ்சினையும் விட்டுவிடுங்கள். நூறு கிலோவைத் தாண்டும் எஞ்சினைச் சுமக்கும் ஃபிரேமோ பிரேக்கோ சாதாரண பைக்கில் கிடையாது.

இனி ஷாஃப்ட். ஒரே 186 எஞ்சின் பல விதமான ஷாஃப்ட்டோடு வருகிறது. ஜெனரேட்டருக்கு என்று செய்தது கூம்பு வடிவில் இருக்கும். அதற்கேற்ற உள்கூம்பு கடைந்த ஹப் (நடுக்குடம்) செய்தால்தான் செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பிடிக்கும். தண்ணீர் பம்புக்கு என்று செய்தது மரை வெட்டியிருக்கும், அது உதவாது. உங்களுக்கு வேண்டியது, ஸ்ப்ராக்கெட் வழுக்காமல் பூட்டும் 'கீ' என்ற ஆப்புக்குப் பள்ளம் வெட்டிய நேரான ஷாஃப்ட். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டிலிருந்து வெளியே வரும் வகையும் உண்டு. அதில் எஞ்சின் 3600இல் ஓடினாலும் வெளி ஷாஃப்ட் 1800இல்தான் சுற்றும், முறுக்குவிசை இரட்டிப்பாகும். பைக்கின் கியர்பாக்ஸும் கிளட்சும் அதற்காகச் செய்தவை அல்ல. வாங்கும் முன் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிவிடுங்கள்.

சுழலும் திசையும் முக்கியம். இந்த எஞ்சின்களை ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் வழக்கமாக இடஞ்சுழியாகச் சுற்றும். முன்னே போகும் பைக்கின் சக்கரத்தை இடப்பக்கமிருந்து பாருங்கள், அதுவும் இடஞ்சுழிதான். ஆக ஷாஃப்ட் வண்டியின் இடப்பக்கம் வந்தால் செயின் போட்டு நேரடியாக ஓட்டலாம். வலப்பக்கம் வந்தால் திசை திருப்ப நடுவே ஒரு ஜோடி பல்சக்கரம் வேண்டும். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பிரைமரி செயின் இடப்பக்கம் ஓடும், கியர்பாக்ஸ் தனியாகக் கழலும் பழைய புல்லட் வகை வண்டிகள் இந்த வேலைக்குப் பொருந்துவது இதனால்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் இருக்கும் வண்டியில் கியர்பாக்ஸையே வேறு தேட வேண்டியிருக்கும்.

ஸ்ப்ராக்கெட் எஞ்சின் உறைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக உட்கார வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும் ஒற்றை சிலிண்டர் டீசலில் ஒவ்வொரு வெடிப்பின் உதையும் சராசரி முறுக்கைவிடப் பல மடங்கு. ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டின் நுனியில் இருந்தால் முதலில் பேரிங் போகும், பிறகு கீ நசுங்கும், கடைசியில் கிராங்க் ஷாஃப்டே முறியும். நுனியில்தான் வைக்க முடியும் என்றால் வெளிப்பக்கம் இன்னொரு பேரிங் தாங்கட்டும். பின்சக்கர ஹப்பில் இந்த உதையைத் தாங்கும் ரப்பர் குஷன் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

எஞ்சினின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கவர்னர் விஷயத்தில் செய்யும் தவறு உயிருக்கே ஆபத்து. இந்த எஞ்சின்களின் லிவர் டீசலை நேரடியாகக் கூட்டிக் குறைப்பதில்லை, எந்த ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும் என்று கவர்னருக்குச் சொல்கிறது. ஜெனரேட்டருக்கும் பம்புக்கும் ஒரே வேகம் போதும் என்பதால், அந்த லிவரை நட்டால் இறுக்கி, வைத்த இடத்தில் நிற்கும்படி செய்திருப்பார்கள். ஆக்சிலரேட்டர் கேபிளை அப்படியே அதில் மாட்டினால், கையை விட்டபின்னும் எஞ்சின் அதே வேகத்தில் இழுக்கும். இறுக்கத்தைக் கழற்றி, லிவரை மூடும் பக்கம் இழுக்கும் ஸ்பிரிங் போடுங்கள். முடிந்தால் இரண்டு போடுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும். கூடுதல் வேகத்துக்காகக் கவர்னரைத் தாண்டி, டீசல் அளவை மாற்றும் பம்பின் ராக்கை நேரடியாக இழுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். கிளட்சைப் பிடித்த நொடியில் எஞ்சின் கட்டுமீறிப் பறக்கும்.

சாவியைத் திருப்பினால் இந்த வகை டீசல் எஞ்சின் நிற்காது. ஸ்டாப் லிவருக்குத் தனிக் கேபிள் இழுத்து ஹேண்டில்பாரில் வையுங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஆயில் காற்றுக்குழாய்க்குள் போய், எஞ்சின் அதையே எரித்து ஓடும். அப்போது டீசலை நிறுத்தியும் பயனில்லை, காற்றைத்தான் அடைக்க வேண்டும். ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில், கை எட்டும் இடத்தில் ஒரு மூடுதகடு இருக்கட்டும்.

கியர் விகிதம்: டயர் ஒரு சுற்றில் 2 மீட்டர் ஓடுகிறது, டாப் கியரில் மொத்த விகிதம் 6 (எஞ்சின் 6 சுற்றுக்குச் சக்கரம் 1 சுற்று) என்றால், 3600 ஆர்.பி.எம்.மில் 72 கி.மீ. கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லிலிருந்து 18 ஆக்கினால் 81. 10 ஹெச்.பி. தாங்குவதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

எஞ்சினை ரப்பரில் உட்கார வைத்துவிட்டு, கியர்பாக்ஸை ஃபிரேமில் இறுக்கிக் கட்டாதீர்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும், பிரைமரி செயின் அறுந்துவிடும். இரண்டையும் ஒரே ஜோடித் தகட்டில் பிணைத்து, சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஃபிரேமுக்கு ஒரு தாங்குபட்டை கொடுங்கள். அழகுக்காக விசிறி உறையைக் கழற்றினால் ஹெட் சூடேறிக் கெடும். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பதும் வேண்டாம். வார்ப்பிரும்பு சிதறினால் உங்கள் காலுக்குப் பக்கத்தில்தான் சிதறும். கனமான ஃப்ளைவீலின் வேகம் மெதுவாகத்தான் இறங்கும், எனவே கியர் மாற்றும்போது ஒரு நொடி பொறுத்து மாற்றப் பழக வேண்டும்.

மைலேஜ் 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 60ஐ ஒட்டி வரும். 80இல் ஓட்டினால் 40 சொச்சம்.

பழைய எஞ்சினாக இருந்தால் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக்கூடும். ஆயில் குச்சியில் டீசல் வாடை அடித்தால் பம்ப் கசிகிறது. ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்பார்களா, காப்பீடு தொடருமா என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறகு எஞ்சினின் அளவுக்கு அட்டைப்பெட்டி ஒன்று செய்து ஃபிரேமுக்குள் வைத்து, முழங்கால், பிரேக் பெடல், செயின் வரிசை மூன்றும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே அறுக்கும் கருவியைக் கையில் எடுங்கள்.