தண்ணீர்க் கிடங்குக்கு முன்னால் ஒரு மிதி

2025 செப்டெம்பர் 15 அன்று ரோக்கியோ உலக மெய்வல்லுநர் போட்டியில் நடந்த ஆண்கள் 3000 மீற்றர் தடைதாண்டல் இறுதியைப் பார்த்துவிட்டு, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “சேர், மற்றத் தடையள் எல்லாத்தையும் காலை எறிஞ்சு தாண்டுறவை. தண்ணிக் கிடங்கு இருக்கிற தடையில மட்டும் ஏன் ஏறி மிதிச்சிட்டுப் போகினம்? அது நேரம் வீண்தானே?”

நேரம் வீண்தான். ஆனாலும் மிதிப்பதில்தான் இலாபம்.

போட்டியை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓட்டம் முழுவதற்கும் 28 சாதாரணத் தடைகளும் 7 தண்ணீர்க் கிடங்குகளும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 76.2. 110 மீற்றர் தடைதாண்டலில் வருவதுபோல இடித்தால் விழுந்து வழிவிடும் தடையல்ல இது. 80 முதல் 100 கிலோ வரை பாரமுள்ளது. இடித்தால் விழுவது ஓட்டவீரர்தான். கிடங்கின் நீளம் தடையையும் சேர்த்து 3.66 மீற்றர். தடையோரம் ஆழம் கூட. அங்கிருந்து அடித்தளம் சரிவாக ஏறி, மறுகரையில் ஓடுபாதையின் மட்டத்துக்கு வந்துவிடும்.

இந்தச் சரிவை வகுத்தவர் யாரோ, அவர் பெரிய குறும்புக்காரர். தூரம் பாய்ந்தவருக்குக் கணுக்காலளவு தண்ணீர். சோம்பிக் கிட்ட விழுந்தவருக்கு முழங்காலை எட்டும் தண்ணீர். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. அதற்குள் காலை இழுத்து அடுத்த எட்டு வைப்பதற்குள் சேர்த்து வைத்த கதி போய்விடும். அதற்காக ஒரேயடியாகத் தூரம் பாய்ந்துவிடலாமென்றால், அதற்கும் சக்தி வேண்டும். இறங்கும்போது காலும் தாங்க வேண்டும். ஒரு பந்தயத்தில் 7 தடவை இந்தப் பேரம் நடக்கிறது.

இனிக் கேள்விக்கு வருவோம். முன்னணி வீரர் ஒருவரின் சராசரிக் கதி செக்கனுக்கு 6 மீற்றருக்குச் சற்று மேல். மிதிக்காமலே பறப்பதென்றால், தடைக்கு ஒன்றரை மீற்றர் முன்னால் நிலத்தை விட்டெழும்பி, தடைக்கு 3 மீற்றர் அப்பால் இறங்க வேண்டும். மொத்தம் 4.5 மீற்றர். 6ஆல் பிரித்தால் 0.75 செக்கன் காற்றில் நிற்க வேண்டும். அதில் பாதி நேரம் மேலேற, பாதி கீழிறங்க. உயர்தர எறியக் கணக்கில் போட்டால், உடலின் திணிவு மையம் (உடலின் பாரம் முழுதும் ஒன்றுசேர்ந்ததாகக் கருதும் புள்ளி) கிட்டத்தட்ட 70 சென்ரிமீற்றர் மேலே போக வேண்டும். 60 கிலோ மனிதரை அவ்வளவு தூக்க ஏறத்தாழ 400 யூல் சக்தி வேண்டும். அதுவும் ஒரு காலின் ஒரே உதையில், அது மூச்சு வாங்கும் ஏழாவது சுற்றாக இருந்தாலும்.

அப்படிச் செய்தவர் இல்லாமலில்லை. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் கென்யாவின் அமோஸ் பிவொட் கிடங்கைப் பாதம் நனையாமலே பாய்ந்து கடந்து தங்கமும் வென்றார். பார்க்கப் பேரழகு. ஆனால் எல்லாராலும் பின்பற்றக்கூடிய வழி அதுவல்ல.

தடைமேல் கால் வைத்தால் வழியில் இரண்டாவது உதை ஒன்று கிடைக்கிறது. முதல் உதை மேலேற மட்டும், இரண்டாவது முன்னே போக மட்டும். வேலை பங்காகிவிடுகிறது. எனக்கு இதில் ஆகப் பிடித்தது அந்த இரண்டாவது உதைதான். மிதிப்பது என்றதும் நாம் படியில் ஏறி நிற்பதுபோல நினைத்துவிடுகிறோம். நல்ல ஓட்டவீரர் தடைமேல் நிமிர்வதே இல்லை. பாதத்தின் நடுப்பகுதி தடையின் மேல்விளிம்பில் படும், முழங்கால் ஆழமாக மடங்கும், தலை தாழ்ந்தே போகும். நிமிர்ந்து நின்றால் திணிவு மையம் நிலத்திலிருந்து இரண்டு மீற்றருக்குக் கிட்டப் போய்விடும். அவ்வளவு உயர்த்தியதும் வீண், பிறகு அங்கிருந்து விழுவதும் வலி.

மடக்கிய காலோடு உடல் தடைக்கு மேலாக உருண்டு கடக்கிறது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். உடல் காலுக்கு நேர் மேலே இருக்கும்போது உதைத்தால் விசை முழுதும் மேல்நோக்கிப் போய்விடும். இடுப்பு தடையைக் கடந்து முன்னே சரிந்து, கால் பின்னுக்கு விடுபட்ட பிறகு உதைத்தால்தான் விசையின் பெரும்பங்கு கிடையாகக் கிடைக்கும். குருநகர்ப் பக்கம் களப்பில் கம்பூன்றி வள்ளம் தள்ளுபவரைக் கவனித்திருப்பீர்கள். கம்பு நட்டுக்கு நிற்கும்போது அவர் தம் பலத்தைச் செலவழிக்க மாட்டார். வள்ளம் முன்னே நகர்ந்து கம்பு பின்னுக்குச் சாய்ந்த பிறகுதான் முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளுவார். தடைமேல் இருக்கும் காலுக்கும் அதே கணக்கு. வித்தியாசம், இவருக்குக் கிடைப்பது ஒரு செக்கனிலும் மிகச் சிறிய பங்கு. அவசரப்பட்டு உதைப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் விடும் பிழை. அவர்கள் உயரமாகப் போய், நடுக்கிடங்கில் ‘தொபுக்’ என்று விழுவார்கள்.

சரியாக உதைத்தவர் கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் கீழே வருகிறார். அதற்கு 0.43 செக்கன். அந்த நேரத்தில் கிடையாக 2.6 மீற்றர் போய்விடுவார். முன்சாய்ந்து புறப்படுவதையும் இறங்கும் காலை முன்னே நீட்டுவதையும் சேர்த்தால் 3 மீற்றர் வந்துவிடும், தண்ணீரும் கணுக்காலோடு நின்றுவிடும். இறங்கும்போது கீழ்நோக்கிய கதி செக்கனுக்கு 4 மீற்றருக்கு மேல். அது பத்தில் ஒரு செக்கனில் அடங்குவதாக எடுத்தால் ஒற்றைக் காலில் உடல்நிறையைப்போல 5 மடங்கு விசை.

இந்தியாவின் அவினாஷ் சாப்லேக்கு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்காரர், இராணுவ வீரர், 2023 ஆசிய விளையாட்டு விழாவின் தங்க மகன். 2025 ஜூலையில் மொனாக்கோவில் தண்ணீர்க் கிடங்கில் விழுந்து முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைப் பந்தம் (ACL) அறுந்து, சத்திரசிகிச்சை வரைக்கும் போனார். ரோக்கியோவில் அவர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அந்த ரோக்கியோ இறுதியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது மொறோக்கோவின் சூபியான் எல் பக்காலியை. 1996இல் ஃபெஸ் நகரில் பிறந்தவர். 2016 ரியோவில் நான்காம் இடம். 2017இல் உலக வெள்ளி, 2019இல் வெண்கலம். பிறகு கதவு திறந்தது: 2021இல் ஒலிம்பிக் தங்கம், 2022இலும் 2023இலும் உலகத் தங்கம், 2024 பாரிஸில் மீண்டும் ஒலிம்பிக் தங்கம். நெடிய மனிதர். தடையின் உயரமோ எல்லாருக்கும் ஒன்று, அதனால் நீண்ட காலுள்ளவர் திணிவு மையத்தைக் குறைவாக உயர்த்தினால் போதும். இவ்வளவும் இருந்தும் 2025இல் நியூசிலாந்தின் ஜோர்டி பீமிஷ் கடைசி எட்டுகளில் அவரை முந்தினார். 8:33.88க்கு 8:33.95. அந்த 0.07 செக்கனைத் தூரமாக்கினால் அரை மீற்றர் வரும். எல் பக்காலியின் சொந்தச் சாதனை 7:56.68 என்பதைப் பார்த்தால், அன்று எல்லாரும் எவ்வளவு மெதுவாக ஓடிக் கடைசிச் சுற்றுக்காகக் காத்திருந்தார்கள் என்பது விளங்கும். கூட்டமாக ஓடினால் முன்னாலுள்ளவரின் முதுகு தடையை மறைக்கும். அதுவும் சேர்ந்த ஆபத்து.

தண்ணீர்க் கிடங்கு பெரிய ஆட்களையும் விடுவதில்லை. 2017 லண்டன் உலகப் போட்டியில் கென்யாவின் பியட்றிஸ் செப்கோயெச் கிடங்குப் பக்கம் திரும்பவே மறந்து நேரே ஓடி, பிறகு திரும்பிவந்து பாய்ந்து, நான்காவதாக முடித்தார். அடுத்த வருடம் அவரே 8:44.32 என்று பெண்கள் உலக சாதனை வைத்தார்.

“கென்யாக்காரருக்கு அது இரத்தத்திலேயே இருக்குது” என்று நம்மூர் மைதானங்களிலும் சொல்வார்கள். 1968 முதல் 2016 வரை, தாம் பங்குபற்றிய எல்லா ஒலிம்பிக்கிலும் ஆண்கள் தங்கத்தைக் கென்யர்களே கொண்டுபோனார்கள் என்பது உண்மை. ஆனால் இரத்தம் 2021இல் திடீரென்று மாறிவிடவில்லையே? இன்றைய உலக சாதனை எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மாவுடையது, 7:52.11. சப்பாத்துக்குள் தேசிக்காய் வைப்பதும் ‘இரத்தம்’ என்று சொல்லிவிட்டு ஓய்வதும் எனக்கு ஒரே வகை நம்பிக்கைகள்தான். இரண்டும் அளந்து பார்க்கும் வேலையை மிச்சப்படுத்தித் தருகின்றன.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் உயரம் பாய்தலில் ஆசியத் தங்கம் கொண்டுவந்த ஊர் இது. இன்றைக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் இல்லம் சோடிக்கக் காசு சேர்கிறது. பாய்ச்சலைப் படமெடுத்துக் கோணம் பார்க்க யாரும் ஒரு சதம் ஒதுக்குவதில்லை. செக்கனுக்கு 240 சட்டகம் (frame) எடுக்கும் கைத்தொலைபேசி இப்போது பல வீடுகளில் உண்டு. மேலே சொன்ன 0.43 செக்கன் அதில் நூறு சட்டகத்துக்கு மேல் வரும். தடையை விட்டுக் கால் எழும்பும் சட்டகத்தில் காலின் சாய்வை ஒரு பாகைமானியால் அளக்கலாம். பௌதிகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் எனக்குத் தோன்றவில்லை.

கிடங்கு இல்லையே என்றால், நீளம் பாயும் மணற்குழி போதும். அதன் விளிம்பில் பாரமான, அசையாத பெட்டி ஒன்றை வைத்து, மணலில் 3 மீற்றரில் கயிறு ஒன்றைக் கிடத்துங்கள். முதல்நாள் பெட்டி முழங்காலளவு உயரத்துக்கு மேல் வேண்டாம். கால் தடுக்கினால் பெட்டி வழிவிடாது.