டெக்சாஸில் கர்ப்பமாக இருக்கும் நம் பெண்களுக்கு

டெக்சாஸின் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தை ஆட்சியாளர்கள் மக்கள்மீது திணித்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் பலர் என்னிடம் சொல்வதுண்டு. நடந்தது அது மட்டுமல்ல. 2019 ஜூனில், லூசியானா எல்லையை ஒட்டிய வாஸ்கம் என்ற சிற்றூரின் நகர மன்றம், தங்கள் ஊரில் கருக்கலைப்பு கூடாது என்று உள்ளூர்ச் சட்டம் இயற்றியது. அங்கே கருக்கலைப்பு செய்யும் மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. வந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான். மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. லபக் நகரில் மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தும் நகர மன்றம் ஏற்கவில்லை. 2021 மே மாதம் பொது வாக்கெடுப்பு வந்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல் தடையை ஆதரித்தார்கள். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின் மாநிலம் முழுவதும் ஏறக்குறைய முழுத் தடை அமலானது.

மகப்பேறு மருத்துவராக நான் இந்த மக்களோடுதான் வேலை செய்கிறேன். எங்கள் பிரசவ அறையின் மூத்த செவிலியர் ஒருவர் கருக்கலைப்பில் உதவ மாட்டார். ஆதரவற்ற தாய்மாருக்குத் தொட்டிலும் பால்மாவும் தன் தேவாலயம் வழியாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். மத நம்பிக்கைக்காக மறுக்கும் உரிமையை மருத்துவப் பணியாளர்களுக்கு 1973-ஆம் ஆண்டிலிருந்தே கூட்டாட்சிச் சட்டம் தந்திருக்கிறது. அது இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆனால் ரத்தப்போக்கோடு ஒரு பெண் வந்தால், முதலில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவது அவர் கைதான்.

பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து ஒரு தமிழ்ப்பெண் வேறொரு மருத்துவமனைக்குப் போனார். குழந்தை பிழைக்க வழியில்லை. இதயத் துடிப்பு மட்டும் கேட்டது. "காய்ச்சல் வந்தால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, கருப்பையில் தொற்று. திருச்சியிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார், "காய்ச்சல் வரும் என்று தெரிந்தே ஏன் டாக்டர் காத்திருந்தார்கள்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பெண் பிழைத்தார். அங்கே யாருடைய மத நம்பிக்கையும் குறுக்கே நிற்கவில்லை. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய சட்டத்தின் மீதான அச்சம்தான் நின்றது.

மத சுதந்திரம் மறுப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இண்டியானாவில் தாயின் நலனுக்கே யூத நெறி முன்னுரிமை தருகிறது என்று சொல்லி யூதப் பெண்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமான தடையாணையை உறுதிசெய்தது. தேவாலயங்கள் நிறைந்த கான்சாஸிலும் 2022 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்க மறுத்தார்கள்.

டெக்சாஸ் சட்டப்படி, கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கான சிகிச்சையும், இறந்துபோன கருவை அகற்றுவதும் கருக்கலைப்பே அல்ல. தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி இவற்றைத் தாமதப்படுத்தினால் வாதாடுங்கள். தாயின் உயிருக்கோ முக்கிய உடலியக்கத்துக்கோ ஆபத்து இருந்தால் மருத்துவர் தலையிடலாம்; ஆபத்து வாசல்வரை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் 2025-இல் சட்டத் திருத்தமும் தெளிவாக்கியிருக்கின்றன. கர்ப்பிணியைத் தண்டிக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. எனவே நடந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஆனால் கருவின் கடுமையான குறைபாட்டுக்கு விலக்கு இல்லை. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், கருக்கலைப்பு அனுமதிக்கப்படும் அண்டை மாநிலமான நியூ மெக்சிகோ போகும் முடிவென்றாலும் யோசிக்க நாள் கிடைக்கும்.

நீர் கசிவு, துர்நாற்றம், குளிர்காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். "எனக்கு ஆபத்து உண்டா, இல்லையா? பதிலைக் கோப்பில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் மகப்பேறு நிபுணர் இரவும் பகலும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி அவசரப் பிரிவு உங்களைப் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது.